பெயர் தெரியாத அந்த அண்ணனுக்கு நன்றி

அண்ணா, உங்கள் பெயரைக் கேட்கக்கூட அன்று நேரம் இருக்கவில்லை. துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்தில், குறி பார்த்துச் சுடும் டார்கெட் தாளை மாற்றப் போன என் தம்பியின் புறங்கையில் விரியன் பாம்பு கொத்தியதே, அப்போது ஓடி வந்தவர் நீங்கள்தான். பலகையின் நிழலில், காய்ந்த புல்லோடு புல்லாக அது சுருண்டு கிடந்திருக்கிறது.

பாம்பைச் சுட ஒருவர் துப்பாக்கியைத் தூக்கினார். "வேண்டாம், கல்லுத்தரை. குண்டு தெறிச்சு யார் மேலயாவது படும். அது போகட்டும்" என்று தடுத்தீர்கள். எல்லாரையும் தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னீர்கள். இன்னொருவர் பெல்ட்டால் கையை இறுக்கிக் கட்ட வந்தார். அதையும் விடவில்லை. கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது என்று அழுத்திச் சொன்னீர்கள்.

விரல் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றினீர்களே, எனக்கு அது தோன்றியே இருக்காது. பேனாவால் வீக்கத்தின் விளிம்பில் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதினீர்கள். தம்பியை நடக்கவிடாமல், கையை அசையாமல் பிடித்து வண்டியில் ஏற்றினீர்கள். வீக்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மருத்துவர் அந்தக் கோடுகளை வைத்தே பார்த்தார். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள்.

தம்பி நன்றாக இருக்கிறான் அண்ணா. விரல்களை மடக்கி நீட்ட முடிகிறது. அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.