புள்ளிமான்களுக்குக் குப்பைமேடு மேய்ச்சல் நிலமாகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலைக்கு வந்துபோகிறவர்கள் கோணேசர் கோயிலுக்கு அடுத்தபடியாக மனதில் கொண்டுசெல்வது பிரட்றிக் கோட்டைப் பகுதியில் திரியும் புள்ளிமான்களைத்தான். நாங்களும் அவற்றை எங்கள் ஊரின் பெருமையாகவே பேசுகிறோம். ஆனால், கச்சான் காற்று வீசி, கோட்டைக்குள் புல் கருகிப்போகும் மாதங்களில் அவை எங்கே பசியாறுகின்றன என்பதைக் காண விரும்புகிறவர் விடியற்காலையில் கடற்கரைப் பக்கமாக ஒருமுறை நடந்துவந்தால் போதும். அப்படி நடந்த ஒரு நாளில், சோறு ஒட்டியிருந்த லஞ்ச்சீற் (உணவு பொதிசெய்யும் மெல்லிய பொலித்தீன் தாள்) ஒன்றைப் பெண்மான் ஒன்று மென்றுகொண்டிருக்கக் கண்டு, அதைப் பறித்தெடுக்க நெருங்கினேன். அது மிரண்டு, சீற்றையும் வாயோடு இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அதன் பின்னால் ஒரு குட்டியும் ஓடியது.

மான் அசைபோடும் விலங்கு. விழுங்கிய பொலித்தீன் செரிக்காமல் முதல் இரைப்பையிலேயே தங்கித் திரண்டுவிடுவதால், வயிறு நிறைந்திருக்கும்போதே விலங்கு மெலிந்து சாகிறது. லஞ்ச்சீற்றுக்கு 2017 இல் தடை வந்தும் நிலைமை இதுதான். பொலித்தீனைக் களைந்துவிட்டாலும் தீங்கு தீராது. சோறும் பாணும் அளவுக்கு மிஞ்சினால் இரைப்பையில் அமிலம் பெருகி அதுவே உயிரைக் குடிக்கும். கோயிலுக்குப் போகும் வழியில் அன்போடு பழமும் பாணும் நீட்டுகிற அடியார்கள் இதனை அறிந்திருந்தால் நீட்டமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

இந்த உணவுதான் மான்களின் தொகையையும் பெருக்குகிறது. புள்ளிமான் ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி ஈனும். சினைக்காலம் ஏறக்குறைய ஏழரை மாதம். காட்டில் சிறுத்தையும் முதலையும் செய்கிற வேலையை நகரத்தில் தெருநாய்களும் வாகனங்களும் செய்கின்றன. கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் வாளாவிருந்தால், குட்டிகள் நாய் வாயில் கிழிபடுவதையே கட்டுப்பாடாக ஏற்றுக்கொண்டவர்கள் ஆவோம்.

எல்லா மான்களையும் பிடித்துக் காட்டில் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். துரத்திப் பிடிக்கப்படும் மான் அச்சத்தாலும் தசைச் சிதைவாலும் சில நாட்களுக்குள் இறந்துபோகக்கூடும். இந்தியாவில் புனல் வடிவ வேலிக்குள் மெல்ல நடத்தி, நேரே வண்டியில் ஏற்றும் முறையைக் கையாள்கிறார்கள். அதற்கும் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். மனிதரையும் நாயையும் கண்டு பழகிய மான் காட்டில் எத்தனை நாள் பிழைக்கும் என்பதும் யோசிக்கவேண்டியது. சுடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். 1937 ஆம் ஆண்டின் வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டமும் இவ்விலங்குகளுக்குக் காவலாக இருக்கிறது.

கருத்தடையே எனக்குச் சரியாகப் படுகிறது. அமெரிக்காவின் சில புறநகர்களில் கருத்தரிக்காதிருக்கப் பெண்மான்களுக்கு ஊசி ஏற்றுகிறார்கள். நியூயோர்க்கின் ஸ்ரேற்றன் தீவில் 2016 முதல் ஆண்மான்களுக்கு அறுவைச்சிகிச்சை செய்தார்கள். வெளியிலிருந்து மான்கள் வந்து கலக்காத இடங்களில்தான் இது பலன் தரும். பெரும்பாலும் கடலால் சூழப்பட்ட எமது கோட்டை முனை அதற்கு ஓரளவு வாய்ப்பானது.

முதலில் கணக்கெடுப்பு வேண்டும். ஒரே விடியலில் கோட்டையிலும் நகர வீதிகளிலும் ஆண், பெண், குட்டி எனப் பிரித்து எண்ணும் பணியை வனஜீவராசிகள் திணைக்களம் முன்னின்று நடத்தினால், தொண்டர்களாக வர எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். நகர நிர்வாகம் சந்தைக் கழிவை இருட்டுவதற்கு முன்னர் அகற்றி, குப்பைத்தொட்டிகளுக்கு மான் திறக்கமுடியாத மூடி இடவேண்டும். கோட்டையிலுள்ள இராணுவத்தினர் கோடையில் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பிவைத்தால், மான்கள் வீதிக்கு இறங்குவது குறையும். உணவூட்டவேண்டாம் என்ற அறிவித்தலைக் கோயில் நிர்வாகமே மும்மொழிகளிலும் வைக்குமானால் அடியார்கள் மனமுவந்து கேட்பார்கள். அடுத்த கச்சானுக்கு முன்னர் கணக்கெடுப்பையாவது தொடங்குமாறு உரியவர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
திருகோணமலை வாசகர் ஒருவர்