சிறகு பத்தாத பிள்ளை: போதகர்களுக்கும் பெண்கள் ஐக்கியத் தலைவிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர்களுக்கும், பெண்கள் ஐக்கியத் தலைவிகளுக்கும், வாலிபர் கூட்டங்களில் பேசப் போகிறவர்களுக்கும்,

ஸ்தோத்திரம். நான் இருபது வருஷத்துக்கு மேலாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறவள். உங்கள்மேல் குறை சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முதல் குறை என் பேரில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களிடம் வந்தால் சரியாக இருக்காது.

ஒரு கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை. தேவதூதர்களுக்கு அட்டையில் வெட்டி வெள்ளைத் துணி ஒட்டிய சிறகுகள், வருஷா வருஷம் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டுவோம். தோளைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட இரண்டு நாடா. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்திக்கு நாடா எட்டவில்லை. இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அவள் மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் பின்னால் யாரோ சிரித்தார்கள். நேரமாகிறதே என்ற அவசரத்தில், "சரிம்மா, நீ மேய்ப்பனா நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டு, சிறகைக் கழற்றி அடுத்த பிள்ளைக்குக் கட்டினேன். மேய்ப்பனுக்கு ஒரு போர்வை போதும், அது யாருக்கும் பத்தும்.

அதற்குப் பிறகு சபைச் சாப்பாட்டுக்கு அவள் உட்காரவே இல்லை. கேட்டால், "உபவாசம் டீச்சர்" என்பாள். இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று எங்களுக்கெல்லாம் பெருமை. சாட்சி நேரத்தில் ஒரு சகோதரி அவளை எழுப்பி நிறுத்தி மெச்சினார். பிள்ளை மெலிந்தாள். மெலிந்ததற்கும் சேர்த்து மெச்சினோம். ஒருநாள் மயங்கி விழுந்தாள், மாதவிடாய் நின்றது, சீப்பில் முடி கொத்தாக வந்தது. அப்போதுதான் அவள் அம்மா மருத்துவரிடம் கூட்டிப் போனார். தேறி வர வருஷங்கள் ஆயின. இதை அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

நாடாவை நீட்டித் தைக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

இனி உங்களிடம் வருகிறேன். "செளந்தரியம் வஞ்சனையுள்ளது, அழகும் வீண்" என்று நீதிமொழிகள் 31-ஐ எடுத்துப் பெண்கள் ஞாயிறுகளில் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வசனத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆசீர்வாதம் முடிந்து வாசலுக்கு வந்தால் அங்கே நடப்பதுதான் வேறு. "என்ன சிஸ்டர், ஒரு சுத்து பெருத்துட்டீங்க?" "பிள்ளை பரவாயில்லை, அப்பா நிறம்!" "முகமெல்லாம் ஏன் இப்படி வாடிக்கிடக்கு, மாப்பிள்ளை பார்க்கிற வயசுல?" உள்ளே அழகு வீண், வெளியே அழகுதான் கணக்கு. பிரசங்கம் செய்தவரே சில சமயம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். அன்பினால்தான் கேட்கிறார், தெரியும். ஆனால் அந்த வாரம் முழுவதும் அந்தப் பெண்ணின் மனதில் ஓடுவது பிரசங்கமா, வாசலில் கேட்ட வார்த்தையா?

அதே 31-ம் அதிகாரத்தில் அந்த ஸ்திரீ தன்னைப் பெலத்தால் இடைக்கட்டிக்கொண்டு கைகளைப் பலப்படுத்துகிறாள். மெல்லிய புடவையும் இரத்தாம்பரமும் உடுத்துகிறாள். பலமான கை, நல்ல உடுப்பு இரண்டையும் வேதம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. நாம்தான் கடைசி இரண்டு வசனத்துக்குத் தாவிவிடுகிறோம். "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்ற 1 சாமுவேல் 16:7-ம் அப்படித்தான். ஐந்து வசனம் தள்ளிப் படித்தால் தாவீதுக்கு அழகிய கண்களும் நல்ல ரூபமும் இருந்தன என்று இருக்கிறது. அழகைப் பார்த்ததால் தேவன் அவனைத் தெரிந்துகொள்ளவில்லை, அழகாயிருந்தான் என்று சொல்ல வேதம் வெட்கப்படவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே பிரசங்கத்தில் கேட்க எனக்கு ஆசை.

நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உன்னதப்பாட்டு 1:5-ஐ "நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்" என்று படிக்கிறோம். எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது ஓர் இணைப்பெழுத்து, அவ்வளவுதான். "உம்" என்றும் கொள்ளலாம், "ஆனாலும்" என்றும் கொள்ளலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்த் "கறுப்பும் அழகும்" என்றே எழுதியது. லத்தீன் வுல்காத்தா "ஆனாலும்" போட்டது. அந்த ஒரு "ஆலும்" நம் பிள்ளைகளின் தலையில் எவ்வளவு கனமாக உட்கார்ந்திருக்கிறது! கறுப்பாயிருந்தாலும் நல்ல பிள்ளை. கறுப்பாயிருந்தாலும் களையான முகம். தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் சுரக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா நிறத்தாருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். சுரக்கும் அளவும் வகையும்தான் வேறு. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தோலைக் காக்கும் அந்தப் பொருளை, தோல்வியைப் போல நடத்தக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

விளைவு சின்னதல்ல. வெளுப்பாக்கும் க்ரீம்கள் சிலவற்றில் பாதரச உப்பு இருக்கிறது. மெலனின் உருவாவதை அது தடுப்பதால்தான் முகம் வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுப்பதும் அதே பாதரசம்தான். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை, 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் கலந்த அழகுப் பொருட்களை 2020-க்குப் பின் தயாரிக்கக் கூடாது என்றது. 2023-ல் கூடியபோது அந்தச் சலுகையையும் நீக்கி, 2025-க்குப் பின் துளியும் கூடாது என்று முடிவு செய்தார்கள். இருந்தும் லேபிளில் சொல்லாமல் விற்பவர்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வேறு சில க்ரீம்களில் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் மெலிந்து சிறு இரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். "இது இயற்கையானது சிஸ்டர்" என்று ஐக்கியக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்கிறோமே, பாதரசமும் இயற்கையில் கிடைப்பதுதான்.

அதே பாட்டில் அடுத்த வசனத்தின் கடைசி வரி என்னை விடுவதே இல்லை. திராட்சத்தோட்டங்களுக்குக் காவற்காரியாக வைக்கப்பட்ட அந்தப் பெண் சொல்கிறாள்: "என் சொந்தத் திராட்சத்தோட்டத்தையோ நான் காக்கவில்லை." சபையில் எத்தனை பேர் அவள்! வீட்டுக்குச் சமைத்து, கூட்டத்துக்குச் சமைத்து, வியாதிக்காரரைப் போய்ப் பார்த்து, ஜெபச் சங்கிலியில் பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து, கடைசியில் மிச்சமிருப்பதை நின்றபடியே சாப்பிடுகிறவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அரை வருஷம் "சோர்வின் ஆவி நீங்க ஜெபியுங்கள்" என்று குறிப்புக் கொடுத்தார். நாங்களும் உண்மையாக ஜெபித்தோம். இரத்தப் பரிசோதனை செய்தபோது இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எடை கூடுவதும் முகத்தில் முடி வளர்வதும் சினைப்பை நீர்க்கட்டி நோயாக இருக்கலாம், ஏறத்தாழப் பத்துப் பெண்களில் ஒருவருக்கு அது உண்டு. தைராய்டாக இருக்கலாம். இதெல்லாம் பெருந்தீனி என்ற பாவப் பட்டியலில் வராது. "உன் சரீரம் ஆலயம்" என்ற 1 கொரிந்தியர் 6:19-ஐ எடுத்துக் குண்டான சகோதரிகளைக் குத்துகிறவர்கள் முன்வசனத்தைப் படிக்கட்டும். பவுல் அங்கே பேசுவது வேசித்தனத்தைப் பற்றி, இடுப்பளவைப் பற்றி அல்ல.

உபவாசத்துக்கு வருகிறேன். இதில்தான் உங்கள் கை மிக நீளம். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு பட்டினிச் சோதனை நடந்தது. கலந்துகொண்ட 36 பேரும் மனச்சாட்சிக்காகப் போருக்குப் போக மறுத்த வாலிபர்கள், பலர் மெனோனைட், பிரதரன், குவேக்கர் சபையார். மனதிடம் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 24 வாரம் பாதி வயிறாக வைத்தார்கள். உடம்பு மட்டும் மெலியவில்லை. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு, சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிப்பது, எரிச்சல், துக்கம், கூட்டத்தை விட்டு விலகல். நல்ல விசுவாசிகளுக்கே அப்படி என்றால், வளர்கிற பெண்பிள்ளை தன்னை வெறுத்துக்கொண்டு பட்டினி கிடக்கும்போது அவளிடம் நாம் காணும் அமைதி சாந்தமுள்ள ஆவிதானா, அல்லது தெம்பில்லாமையா?

உபவாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் இருக்கிறேன். ஆனால் உணவுக்கோளாறுக்கு உபவாசத்தைப் போல வசதியான ஒளிவிடம் சபைக்குள் வேறில்லை. பசியற்ற உளநோய் என்று மருத்துவர்கள் சொல்லும் அனரெக்சியா, மனநோய்களிலேயே உயிரை அதிகம் குடிப்பவற்றில் ஒன்று. சாப்பிட்டதும் வாந்தியெடுக்கும் பழக்கம் உள்ளவள் மெலிந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. பார்வைக்குச் சாதாரணமாக இருப்பாள், உள்ளே பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும். ஆகவே நீண்ட உபவாசக் கூட்டத்தை அறிவிக்கும்போதே பிரசங்க பீடத்திலிருந்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், வளர்கிற பிள்ளைகள், சாப்பாட்டோடு ஒருமுறையாவது போராடியவர்கள் இதில் பட்டினி கிடக்க வேண்டாம் என்று. உபவாசம் முடிந்த சாட்சியில் "ஐந்து கிலோ குறைந்தது, ஸ்தோத்திரம்" என்று யாராவது சொன்னால் கை தட்டாதீர்கள்.

யவீருவின் மகளை நினைத்துப் பார்க்கிறேன். அவளுக்கும் பன்னிரண்டு வயது. மரித்த பிள்ளை எழுந்து நடந்ததும் சுற்றியிருந்தவர்கள் பிரமித்து நிற்க, ஆண்டவர் சொன்ன காரியம் ஒன்று மாற்கு 5:43-ல் இருக்கிறது: அவளுக்கு ஆகாரம் கொடுங்கள். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கும் தூதன் முதலில் போதனை செய்யவில்லை. எழுந்து போஜனம்பண்ணச் சொன்னான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கேள்வியெல்லாம் மலைக்குப் போன பிறகுதான்.

நடைப்பயிற்சிக்கு ஐக்கியத்தில் அரைமணி ஒதுக்கலாம் என்று கேட்டால், "சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்று 1 தீமோத்தேயுவைக் காட்டுகிறார்கள். எழுதிய பவுல், மற்றவர்கள் கப்பலேறிப் போக, ஆசோபட்டணத்துக்குத் தரைவழியாய்ப் போனவர் (அப்போஸ்தலர் 20:13). முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத வழி. அவருக்கு முயற்சி தனியாகத் தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கிற நமக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடக்கவும், இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகக் கரையும், ஐம்பது தாண்டிய அக்காமாருக்கு இது மெலிவதற்கான யோசனை அல்ல, விழுந்தால் இடுப்பு முறியாமல் இருப்பதற்கு. இதற்குமேல் இதை நீட்ட வேண்டியதில்லை, நடக்கத் தொடங்கினால் போதும்.

வாசலில் கைகுலுக்கும்போது உடம்பைப் பற்றிப் பேசாமல் ஒரு மாதம் இருந்து பாருங்கள். "எப்படித் தூங்குகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். சபை மருத்துவ முகாமில் எடையை உரக்கப் படிக்காதீர்கள். பாடகர் குழுவில் முன்வரிசைக்கு யாரை நிறுத்துகிறோம் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஒரு பிள்ளை சாப்பிட மறுத்தால், ஜெபித்துவிட்டு அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இந்த வருஷம் புதுச் சிறகுகள் தைக்கிறோம். பழைய பெட்டியை ஒழித்தாயிற்று. போன சனிக்கிழமை அந்தப் பிள்ளையும் வந்தாள், இப்போது வேலைக்குப் போகிறாள். அளவுநாடாவை எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டு, எந்தப் பிள்ளையை முதலில் கூப்பிடலாம் என்று கேட்டேன். அவள் வாயில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு, "அளவே எடுக்காதீங்க டீச்சர், நாடாவை நீளமா விட்டுடுங்க, அதுங்களே கட்டிக்கும்" என்றாள்.

உங்கள் ஊழியத்துக்காக ஜெபிக்கும்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை