மறுப்பின் காரணத்தை முதலில் ஆராய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வெளியுறவுக் கொள்கை குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எல்லா உறுப்பு நாடுகளும் இசைய வேண்டும் என்ற விதியைக் கைவிட்டுப் பெரும்பான்மை வாக்குக்கு மாறினால் ஐரோப்பா ஒரே குரலில் பேசிவிடும் என்று கட்டுரையாளர் நம்புகிறார். அரசியல் அறிவியலை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நாடு எதற்காக மறுக்கிறது என்பதே இத்துறை ஆய்வுகளில் முதலிடம் பெற வேண்டிய கேள்வி என்று கருதுகிறேன்.

2020 ஆகஸ்டில் நடந்த பெலரூஸ் தேர்தலுக்குப் பின், அந்நாட்டு அதிகாரிகள்மீது தடை விதிக்கும் முடிவைச் சைப்ரஸ் பல வாரங்கள் தடுத்து வைத்தது. பெலரூஸ் அரசிடம் அதற்குப் பரிவு ஏதும் இருக்கவில்லை. கிழக்கு மத்தியதரைக் கடலில் துருக்கி எரிவாயு தேடித் துளையிடுவதற்கு எதிராகவும் நடவடிக்கை வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. இது பேரம். செர்பியாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்ட கொசோவோவை ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஆகிய 5 நாடுகள் இன்றும் அங்கீகரிக்காமல் இருப்பதோ வேறு வகையைச் சேர்ந்தது. தனிநாடு கோரும் குரல்கள் எழும் தன் கட்டலோனியா பகுதியை மனத்தில் கொண்ட ஸ்பெயினுக்கும், தீவின் வடபகுதியை இழந்து நிற்கும் சைப்ரசுக்கும் அது தம் நாட்டின் ஒருமைப்பாடு பற்றிய அச்சம். முதல் வகை மறுப்பை வாக்கெடுப்பால் வெல்லலாம். இரண்டாவதை வெல்ல முயன்றால் ஒன்றியமே விரிசல் காணும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் விதியை மட்டும் திருத்துவது ஆபத்தானது.

மேலும், காசா போரில் மனிதநேய இடைநிறுத்தம் கோரிய தீர்மானத்தின்மீது 2023 அக்டோபர் 27 அன்று ஐ.நா. பொதுச்சபையில் நடந்த வாக்கெடுப்பில் ஒன்றியத்தின் 27 நாடுகளில் 8 ஆதரித்தும் 4 எதிர்த்தும் வாக்களித்தன. 15 நாடுகள் விலகி நின்றன. அங்கே ஒரு நாடு மற்றொன்றைத் தடுக்கும் விதி ஏதும் இல்லை. வரலாற்று நினைவுகளும் உள்நாட்டு அரசியலும் அவற்றைப் பிரித்தன என்றே நினைக்கிறேன். அந்த நினைவுகளை நாடுவாரியாக ஆராய்வது, நிறுவனங்களின் அதிகார வரைபடங்களை மீண்டும் மீண்டும் வரைவதைவிடப் பயன் தரும்.

இதில் பெரிய தடை, உறுப்பு நாட்டு அமைச்சர்கள் கூடும் மன்றத்தில் வெளியுறவு குறித்து நடக்கும் விவாதங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையல்ல என்பதுதான். ஒன்றிய நிறுவனங்களின் ஆவணங்கள் பொதுவாக 30 ஆண்டுகளுக்குப் பிறகே புளோரன்சில் உள்ள ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர்களின் பார்வைக்கு வருகின்றன. யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த சுலோவேனியாவையும் குரோவேசியாவையும் ஜெர்மனி தன் கூட்டாளி நாடுகளுக்கு முன்பாகவே 1991 டிசம்பர் 23-இல் அங்கீகரித்த காலம் இப்போது அந்த வரம்பைக் கடந்துவிட்டது. இளம் ஆய்வாளர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

உறுப்பு நாடுகள் செய்துகொண்ட ஆம்ஸ்டர்டாம் உடன்படிக்கை கொண்டுவந்த ஒரு வழியும் உண்டு: உடன்படாத நாடு, முடிவைத் தடுக்காமல் விலகி நிற்கலாம். கொசோவோவை அங்கீகரிக்காத சைப்ரஸ், 2008-இல் அங்கு ஒன்றியம் அனுப்பிய சட்ட ஒழுங்குப் பணிக்குழுவை இவ்வாறுதான் அனுமதித்தது. அவ்வளவு கூர்மையான விவகாரத்தில் பயன்பட்ட இவ்வழி, பிறகு ஏன் இவ்வளவு அரிதாகவே கையாளப்பட்டது? இக்கேள்வியை எடுத்துக்கொண்டு எழுதக்கூடிய ஒருவரின் கட்டுரையைத் தங்கள் இதழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் ஆசிரியர்,
திருச்சி.