சேலத்திலிருந்து தரங்கம்பாடிக்கு வார இறுதிப் பேருந்து இயக்கக் கோரும் மனு

அனுப்புநர்
அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை பகுதிகளைச் சேர்ந்த
பெற்றோர்கள் மற்றும் பொதுமக்கள்,
சேலம் மாநகர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: சேலத்திலிருந்து ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு வார இறுதியில் நேரடி அரசுப் பேருந்து இயக்கவும், அங்கு செல்லும் மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் வழிகாட்டி வசதி செய்து தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் வீட்டுப் பெரியவர்களுக்கு அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ செய்துவைக்க நினைக்கும் குடும்பங்கள் பலவும் திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலுக்கே செல்கின்றன. வேன் அமர்த்தி, உறவினர்களை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் பயணம் செய்து, காலையில் ஹோமத்தையும் தரிசனத்தையும் முடித்து, மதியச் சாப்பாட்டோடு வண்டி ஊர் திரும்பிவிடுகிறது. அந்தக் கோயிலிலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் தரங்கம்பாடி இருப்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் வண்டி வாடகை ஏறுமே என்று விட்டுவிடுகிறார்கள். வேன் அமர்த்த வசதியில்லாத நெசவாளர், கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. அவர்கள் சிதம்பரம் வரை ஒரு பேருந்தில் போய், அங்கிருந்து காரைக்கால் பேருந்தைப் பிடித்து, பிரதான சாலையில் இறங்கிக் கிழக்கே கோட்டை வரை நடக்க வேண்டும். குழந்தைகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் இப்படிப் போய்வர யாரும் துணிவதில்லை.

மயிலாடுதுறை மாவட்டத்தின் அந்தச் சிறிய கடற்கரை ஊருக்காக நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவதன் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. தரங்கம்பாடியைக் கடற்கரை என்று மட்டும் சொன்னால், மெரினா இருக்கும்போது அங்கே எதற்கு என்ற கேள்வி எழும். அது கடற்கரை மட்டுமன்று. நகர வாயிலுக்குள் நுழைந்து, ராஜ வீதி வழியாகக் கடல்வரை நடக்கும் அரை மணி நேரத்திற்குள் பாண்டியர், தஞ்சை நாயக்கர், டென்மார்க் நாட்டினர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரின் காலத்தையும் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட முடிகிற ஊர் அது.

கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் கல்வெட்டில் காணப்படுகிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. மிஞ்சியதைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். கடல் அரிப்பு என்று பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் படிப்பதை அந்தச் சுவரருகே நின்று பார்க்கும் பிள்ளை மறக்காது.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்குக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி டேனிஷ் தளபதி ஓவே ஜெட்டே அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் அந்நாட்டில் பாதுகாக்கப்படுகிறது. மிளகுக்காகவும் பருத்தித் துணிக்காகவும் கப்பல்கள் வந்து நின்ற கரை அது. தறியோசையில் வளர்ந்த அம்மாப்பேட்டைப் பிள்ளைகளுக்கு, தமிழ்நாட்டுத் துணியைத் தேடி ஐரோப்பியர் கடல் கடந்து வந்த கதையை அந்த இடத்திலேயே நிற்க வைத்துச் சொன்னால், தங்கள் பெற்றோரின் தொழிலைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் எண்ணமே மாறும் என்று நம்புகிறோம். கோட்டையின் கீழ்த்தளத்தில் சரக்கு அறைகளும் சிறை அறைகளும் இருந்தன. மேல்தளத்தில் அதிகாரிகள் வாழ்ந்தார்கள். இப்போது அது மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

1706 ஜூலையில் அங்கே வந்திறங்கிய சீகன்பால்குவின் வரலாறு தனியே ஒரு பாடத்துக்கு உரியது. சமயப் பணிக்காக வந்த அந்த ஜெர்மானியர் தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைத் திரட்டினார், தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு 1708-இல் ஒரு பட்டியலும் எழுதினார். டேனிஷ் அதிகாரியோடு ஏற்பட்ட பிணக்கால் அதே கோட்டையில் நான்கு மாதங்கள் சிறையிலும் இருந்தார். பிறகு அச்சுக்கூடம் வந்தது. பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகியது. அருகிலுள்ள பொறையாரில் காகிதப் பட்டறையும் ஏற்பட்டது. 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில், மறு ஆண்டே அவர் அடக்கம் செய்யப்பட்டார். தமிழின் முதல் அச்சு நூல் தரங்கம்பாடியில்தான் வெளிவந்தது என்று அடிக்கடி சொல்லப்படுவது பிழை. கொல்லத்தில் 1578-இலேயே தமிழ் எழுத்தில் நூல் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமைக்கு இந்த மிகைக்கூற்று தேவையுமில்லை. சரியான செய்தியைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் இப்படிப்பட்டவை பரவுகின்றன என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறோம்.

1845-இல் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் விற்றது. நாகப்பட்டினத்துக்கு ரயில் பாதை வந்தபின் வணிகம் அங்கே போய்விட, தரங்கம்பாடி ஓய்ந்தது. பழைய வீதிகள் இடிபடாமல் எஞ்சியதற்கு அந்த ஓய்வும் ஒரு காரணம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. மயிலாடுதுறையிலிருந்து அவ்வூருக்கு ஓடிய மீட்டர்கேஜ் ரயிலும் நின்றுபோனது. ஆகவே சாலை ஒன்றே வழி, பேருந்து ஒன்றே துணை என்ற நிலைமை.

எங்கள் முதன்மையான கோரிக்கை வருமாறு. வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்டு, சனிக்கிழமை விடியும் நேரத்தில் தரங்கம்பாடி நகர வாயிலில் பயணிகளை இறக்கிவிட்டு, அன்று மாலையே திரும்பும் வகையில் ஒரு பேருந்தை இயக்கத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டத்திற்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். இரவில் பயணம் செய்வதால் விடுதிச் செலவு மிச்சமாகும். ஞாயிறு வீட்டில் ஓய்வு. திங்கள் பள்ளிக்கும் வேலைக்கும் தடையில்லை. திருக்கடையூரில் நிறுத்தம் தந்தால் கோயிலுக்குச் செல்வோரும் இதில் ஏறுவார்கள் என்பதால் இருக்கைகள் நிரம்புவது கடினமன்று. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கும், கோடை விழாவுக்கு ஏற்காட்டுக்கும் சிறப்புப் பேருந்து இயக்கும் நிர்வாகத்துக்கு இது புதிய முறையும் அன்று. ஒரே நாளில் ஏழெட்டு ஊர்களைத் திணித்து, எதையும் பார்க்கவிடாமல் வண்டியில் ஏறு ஏறு என்று விரட்டும் சுற்றுலாவை நாங்கள் கேட்கவில்லை. பூம்புகார் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும் அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்ததாக, சனிக்கிழமைகளில் அவ்வூரின் வரலாறு அறிந்த உள்ளூர் ஆசிரியர்களோ ஓய்வுபெற்றவர்களோ வழிகாட்டிகளாக அமையவும், முக்கியக் கட்டடங்களின் முன் பிழையற்ற தமிழ்த் தகவல் பலகைகள் வைக்கப்படவும், வெளியூர்ப் பெண்களும் குழந்தைகளும் விடியற்காலையில் பயன்படுத்தத் தக்க கழிப்பறைகள் திறந்திருக்கவும் ஏற்பாடு தேவை. இவை தங்கள் அதிகார எல்லைக்குள் வருபவை அல்ல என்பதை அறிவோம். மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியருக்கும் சுற்றுலாத் துறைக்கும் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதுமானது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏரியும் ஆறும் பார்த்துப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் இழுக்கும் வேகம் தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் உயிர்களைப் பறிகொடுத்த கடற்கரை அது. கடலில் இறங்கிக் குளிப்பதற்கன்று, பார்ப்பதற்கே இந்தப் பயணம் என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் இடத்திலேயே அறிவித்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பேருந்தை நிறுத்தி வைப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை.

இந்தத் தடம் நிலைபெற்றால் எதிர்த்திசையிலும் பயன் உண்டு. மலையையே பார்த்திராத கடலோரப் பிள்ளைகள் ஏற்காட்டுக்கு வரலாம். அங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்த ஆட்சியர் காக்பர்னையும், அம்மலையில் வாழ்ந்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டையும் பற்றி அவர்களுக்குச் சொல்ல நம்மிடமும் செய்தி இருக்கிறது. அதற்கான கோரிக்கையைப் பின்னர் தனியே அளிப்போம்.

வரும் ஜனவரி முதல் ஆறு மாதங்களுக்குச் சோதனை முறையில் இயக்கிப் பார்த்து, வருவாய் போதவில்லையெனில் நிறுத்திவிடலாம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறோம். முதல் இரண்டு மாதப் பயணங்களுக்கு எங்கள் பகுதிப் பள்ளிகளிலும் நெசவாளர் தெருக்களிலும் பயணிகளின் பெயர்ப் பட்டியலைத் திரட்டித் தரும் பொறுப்பையும் நாங்களே ஏற்கிறோம். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டுள்ள பெற்றோர்கள் மற்றும் பொதுமக்கள்

இடம்: சேலம்

நகல்:
மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், சேலம்.
மாவட்ட சுற்றுலா அலுவலர், சேலம்.