டெலிவரி கட்டணத்துக்கு நட்சத்திரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "பொருள் நன்றாக இருக்கிறது, டெலிவரி சார்ஜ்தான் கொள்ளை" என்று எழுதிவிட்டு இரண்டு நட்சத்திரம் போடுவது இணையச் சந்தைகளில் அன்றாடம் நடக்கிறது. கட்டணத்தை வைத்தது சந்தைத் தளமாக இருக்கலாம், கூரியர் நிறுவனமாக இருக்கலாம். குறைந்த மதிப்பெண் மட்டும் பொருளைச் செய்து அனுப்பியவர் கணக்கில்தான் ஏறுகிறது. தபால் செலவு எடை போட்டு, அளவெடுத்துச் சொல்லக்கூடிய ஒன்று. அதை வாங்குபவரின் அபிப்பிராயத்துக்கு விட்டிருப்பதில்தான் கோளாறு.

கட்டணம் எப்படி வருகிறது என்பதற்குத் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையையே எடுத்துக்கொள்ளலாம். பெட்டியோடு சேர்த்து 700 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் நீளம் 30, அகலம் 20, உயரம் 20 செ.மீ. கூரியர்காரர்கள் மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள் (சிலர் இன்னும் சிறிய எண்ணால் வகுப்பதும் உண்டு). 12,000ஐ 5000ஆல் வகுத்தால் 2.4. ஆக, தராசில் முக்கால் கிலோகூட வராத பொம்மைக்கு 2.4 கிலோ என்று பில் விழும். அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் ஸ்லாப் (கட்டணத்துக்கான எடைப் படி) ஏறும் என்பதால் உண்மையில் 2.5 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். இதற்கு 'வால்யூமெட்ரிக் வெயிட்' என்று பெயர். வண்டியில் இடத்தை அடைக்கும் பொருளுக்கு இடத்தைக் கணக்கிட்டு வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொம்மையைக் கையில் தூக்கிப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு இது எப்படித் தெரியும்? "இந்த எடைக்கு இவ்வளவா?" என்றுதான் அவர் கேட்பார்.

அதே பொம்மையை 25, 18, 18 செ.மீ. பெட்டியில் அடக்க முடிந்தால் 1.62 கிலோ, 2 கிலோ ஸ்லாப்போடு முடிந்துவிடும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இடம் இருக்கிறதே என்று காகிதத்தைத் திணித்துப் பெட்டியின் பக்கங்கள் உப்பிக்கொள்ளும். கிடங்கில் இருக்கும் ஸ்கேனர் உப்பிய இடத்தைத்தான் அளக்கும். ஒவ்வொரு அளவும் 2 செ.மீ. கூடினால் 27, 20, 20, கணக்கு 2.16 கிலோவாகி மறுபடி 2.5 கிலோ ஸ்லாப்புக்கே போய்விடும். இன்னொன்று, அட்டைப்பெட்டிக் கடையில் சொல்வது பெரும்பாலும் உள்ளளவு, கூரியர் அளப்பது வெளியளவு. மூன்றடுக்கு அட்டையானாலும் ஐந்தடுக்கு அட்டையானாலும் மடித்து, டேப் ஒட்டிய பிறகு அளவு நாடாவால் அளந்த எண்ணைத்தான் தளத்தில் பதிய வேண்டும். பொருளின் அளவைப் பதிந்துவிட்டு, பிறகு எடை வித்தியாசம் என்று பணம் பிடித்தார்களே என்று வருந்திப் பயனில்லை. லேபிள் தெரியும்படி, தராசின் மேல் ஒரு படம், மூன்று பக்கமும் அளவு நாடா வைத்து மூன்று படங்கள் எடுத்து வைத்திருந்தால்தான் எடைத் தகராறில் நிற்க முடியும். அதற்குத் தரப்படும் அவகாசமும் சில நாட்கள்தான்.

அஞ்சல் துறையில் அனுப்புகிறவர்களுக்கு ஸ்லாப்தான் முக்கியம். 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள, ஆவணங்களுக்கான விரைவு அஞ்சல் கட்டணப்படி, 51 முதல் 250 கிராம் வரையிலான உறை 201 முதல் 500 கி.மீ. தூரத்துக்குள் போக 63 ரூபாய். 250 கிராமைத் தாண்டி 500 வரை என்றால் 75 ரூபாய். இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 63 ரூபாய் 74.34 ஆகும், 75 ரூபாய் 88.50 ஆகும். 235 கிராம் அச்சுத் தாள்களைக் கனத்த அட்டை உறையில் போட்டு 270 கிராம் ஆக்கினால் 14 ரூபாய் 16 காசு தண்டம். மெல்லிய பிளாஸ்டிக் கூரியர் கவரே அதற்குப் போதும். அதே 500 கிராம் உறை உள்ளூருக்குள் 28 ரூபாய், 2000 கி.மீ.க்கு மேல் 93 ரூபாய். மதுரைக்காரருக்கும் குவாஹாட்டிக்காரருக்கும் மதுரையிலிருந்து ஒரே விற்பனையாளர் அனுப்பினாலும் செலவு மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. நட்சத்திரம் மட்டும் இருவரிடமிருந்தும் ஒரே தட்டில் விழுகிறது.

அந்தத் தட்டில் விழும் ஒரு குறை நட்சத்திரம் சிறியவர்களை எப்படி அடிக்கிறது என்பதும் கணக்குதான். பத்துப் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கும் விற்பனையாளருக்கு, கட்டணக் கோபத்தில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டால் சராசரி 4.64 ஆகிவிடும். அவர் 4.9க்குத் திரும்ப, இடையில் ஒரு குறையும் இல்லாமல் இன்னும் 29 பேர் ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும். ஆயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கும் பெரிய விற்பனையாளருக்கோ அதே ஒற்றை நட்சத்திரம் கொசுக்கடி, சராசரி 4.99க்குக் கீழே இறங்காது. தேடலில் யார் முன்னே வருவது என்பதில் சராசரிக்கும் பங்கு இருக்கும்போது, புதிதாகக் கடை போட்ட சுங்குடிச் சேலைக்காரர் பின்னுக்குத் தள்ளப்படுவார்.

'அப்படியானால் தபாலுக்கென்று தனி மதிப்பெண் வைத்துவிடலாமே' என்று தோன்றும். அதையும் உலகம் பார்த்துவிட்டது. இபே என்ற அமெரிக்க இணையச் சந்தை 2007இல் நான்கு தனித்தனி நட்சத்திர வரிசைகளைக் கொண்டுவந்தது. பொருள் சொன்னபடி இருந்ததா, விற்பவர் ஒழுங்காகப் பேசினாரா, எவ்வளவு விரைவாக அனுப்பினார், தபால்-பேக்கிங் கட்டணம் நியாயமா என்று நான்கு. கட்டணத்துக்கான வரிசையில் நான்கு நட்சத்திரத்துக்கு எதிரே 'நியாயமானது' என்றே எழுதியிருந்தார்கள், ஐந்துக்கு 'மிக நியாயமானது'. நல்ல மனதோடு 'நியாயம்தான்' என்று நான்கைத் தொட்டவர்கள், தாங்கள் விற்பவரின் தேடல் இடத்தையும் சலுகையையும் குறைக்கிறோம் என்று அறியவில்லை. சராசரி நான்குக்குச் சற்று மேலே நின்றால்கூட அங்கே ஆபத்துதான். 2008இல் வாங்குபவர்களைப் பற்றி எதிர்மறையாக எழுதும் உரிமையும் விற்பவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. பிறகு, தபால் இலவசம் என்று அறிவித்த விற்பனைக்கு அந்த வரிசையில் தானாகவே ஐந்து என்று ஆக்கினார்கள். விளைவு? தபால் செலவைப் பொருளின் விலையில் ஏற்றிவிட்டு 'இலவசம்' என்று போட்டவர் தப்பித்தார். உள்ளதை உள்ளபடி தனியாகக் காட்டியவர் மாட்டிக்கொண்டார்.

நம் ஊரில் 'ஃப்ரீ டெலிவரி' என்ற சொல்லுக்குப் பின்னாலும் இதே கதைதான். 300 ரூபாய்ப் பொருளை 360 என்று போட்டு 60 ரூபாயை உள்ளே மறைத்தால், அந்த 60க்கும் சேர்த்துத் தளம் கமிஷன் எடுக்கும். 15 சதவீதம் என்றால் 9 ரூபாய் அங்கேயே போச்சு. ஒருவரே மூன்று பொருள் வாங்கினால் 180 ரூபாய் தபாலுக்குக் கொடுக்கிறார். மூன்றும் ஒரே பெட்டியில் போக அவ்வளவு ஆகாது. தனியாகக் காட்டியிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம் அது. வீட்டு வாசலில் பணம் தருவதாகச் சொல்லிவிட்டு வாங்க மறுப்பவர்கள் வேறு. பெரும்பாலான கூரியர் ஒப்பந்தங்களில் போன செலவு, திரும்பி வந்த செலவு இரண்டும் அனுப்பியவர் தலையில். இந்த நஷ்டமும் 'இலவச'த்துக்குள் ஒளிந்துகொண்டு, பணம் கொடுத்து வாங்கும் அடுத்தவர் விலையில் ஏறுகிறது.

ஏமாற்றும் விற்பனையாளர்கள் இல்லாமல் இல்லை. 99 ரூபாய்ப் பொருள் என்று காட்டி உள்ளே இழுத்து, கடைசித் திரையில் 120 ரூபாய் டெலிவரி என்று நீட்டுகிறவர்களைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். அதற்குச் சட்டமே இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், மொத்த விலையை ஒரே எண்ணாகவும், அதில் டெலிவரி, தபால், கையாளும் செலவு, வரி எவ்வளவு என்ற பிரிப்போடும் காட்டச் சொல்கின்றன. கடைசி நிமிடத்தில் கட்டணத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளின் பட்டியலிலேயே வைத்துள்ளன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் செய்ய வேண்டியதை நட்சத்திரத்தில் காட்டினால் ஏமாற்றுக்காரர் புதுப் பெயரில் புதுக் கடை திறந்துகொள்வார். நேர்மையானவர்தான் பழைய கடையோடு, பழைய சராசரியோடு உட்கார்ந்திருப்பார்.

தளங்களிடம் கேட்பது பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. கூரியருக்குக் கட்டிய தொகையும் வாடிக்கையாளரிடம் வாங்கிய தொகையும் அவர்களிடமே இருக்கின்றன. கூரியரைத் தளமே ஏற்பாடு செய்யும் ஆர்டர்களில் கட்டணம் பற்றியும் தாமதம் பற்றியும் வரும் மதிப்பீட்டை விற்பவரின் சராசரியிலிருந்து நீக்கிவிடலாம். விற்பவரே அனுப்பும் ஆர்டர்களில், வாங்கிய கட்டணம் ரசீதைவிடக் கணிசமாகக் கூடினால் தளமே எச்சரிக்கட்டும். பேக்கிங்குக்கு என்று ஒரு நியாயமான தொகையை அனுமதித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் போதும். பொருளின் பக்கத்தில் பெட்டியின் அளவும் பில் போடப்படும் எடையும் தெரிந்தாலே பாதிக் கோபம் வராது. இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் வெளியிட்ட ஐ.எஸ். 19000 தரநிலை விருப்பத்தின்பேரில் பின்பற்றுவதாகவே இருக்கிறது. அடுத்த திருத்தத்தில் இந்தப் பிரிப்பையும் சேர்க்கலாம்.

அதுவரை புத்தகம் விற்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2025 மே மாதம் தொடங்கிய 'ஞான போஸ்ட்' சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழிப் போக்குவரத்து என்பதால் நாளாகும். விளம்பரம் கலந்த அச்சுப் பிரதிகளை ஏற்க மாட்டார்கள். 'எட்டு நாள் ஆகலாம், அவசரமென்றால் விரைவு அஞ்சல், கட்டணம் இவ்வளவு' என்று இரண்டையும் பொருளின் பக்கத்திலேயே போட்டு வாங்குபவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். பொம்மைக்காரருக்கும் சேலைக்காரருக்கும் இப்படி ஒரு மலிவு வழி அஞ்சல் துறையில் இன்னும் இல்லை.

இப்படிக்கு,
இணைய விற்பனையாளர்களுக்குப் பார்சல் கணக்குப் பார்க்கும் வாசகர்,
மதுரை