தேசிக்காய்ப்புளியும் டெட்ரா மீனும்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு உங்கள் வீட்டுக் குறிப்புப் பகுதியில், நியோன் டெட்ரா புளிப்புத் தண்ணீர் மீன், ஆகவே தொட்டிக்குள் தேசிக்காய்ப்புளி விடுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். முதற்பாதி சரி. மற்றப் பாதியை நம்பி எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் தேசிக்காய் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் இந்தக் கடிதம்.

நன்னீர் மீனின் இரத்தத்தில் உப்பு அதிகம், வெளித் தண்ணீரில் மிகக் குறைவு. ஆகவே பூ (மீன் மூச்செடுக்கும் செவுள்) வழியாகத் தண்ணீர் ஓயாமல் உள்ளே வரும், உப்பு வெளியே கசியும். வந்த தண்ணீரை மீன் நீர்த்த சிறுநீராகக் கழிக்கும். போன உப்பிலுள்ள சோடியத்தைப் பூவிலுள்ள தனிக் கலங்கள் (செல்கள்), அமிலத்துக்குப் புளிப்பைத் தரும் ஐதரசன் அயனை வெளியே தள்ளித்தான் திரும்ப எடுக்கும். வெளியே அமிலம் கூடினால் எப்படித் தள்ளுவது? அதைவிட மோசம், கலங்களின் பொருத்துகளை இறுக்கி வைத்திருப்பது கல்சியம். அமிலம் அதைப் பெயர்த்துவிட்டால் உப்புக் கொட்டும். இரத்தம் தடித்து, ஓட்டம் நின்று மீன் சாகும்.

அமேசனின் ரியோ நெக்ரோ போன்ற கறுத்த ஆறுகளில் கல்சியமும் அரிது, உப்பும் அரிது, புளிப்பு மட்டும் உண்டு. டெட்ராக்களின் பூ அதற்கென்றே அமைந்தது, பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4 அளவிலும் நியோன் டெட்ரா சோடியத்தை உறிஞ்சும். இலைதழை ஊறிய அந்தக் கறுப்புச் சாயமும் பூவுக்குக் காவல். தேசிக்காய்ப்புளியில் அந்தச் சாயம் இல்லை. அதிலுள்ள சித்திரிக் அமிலமோ கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இனி எங்கள் தண்ணீருக்கு வருவோம். உரும்பிராய்க் கிணறு சுண்ணக்கல்லுக்குள் வெட்டியது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும். அந்த வெள்ளைதான் காபனேற்று. தண்ணீரில் கரைந்திருக்கும் அது, விடுகிற புளியை விழுங்கிவிடும், பி.எச். அசையாது. “காணாது” என்று பிள்ளை இன்னும் பிழியும். காபனேற்று முடிந்த இடத்தில் பி.எச். தடாரென்று விழும். கூரை மழைநீர் பிடித்துத் தொட்டி நிரப்புகிற வீடுகளில் அந்தத் தவணையும் கிடையாது, சில துளியே போதும். கூட விட்டிருக்கும் கப்பி, தங்கமீன் எல்லாம் முதலில் போகும்.

டெட்ராதான் வேண்டுமென்றால் கிணற்றுத் தண்ணீரோடு மழைநீரை நாட்கணக்கில் கொஞ்சங் கொஞ்சமாகக் கலவுங்கள், காய்ந்த நாட்டு வாதுமைச் சருகு ஒன்றிரண்டு போடுங்கள். புளி சொதிக்கு இருக்கட்டும்.

திருத்தத்தை அடுத்த ஞாயிறே, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுவீர்களா?

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
உரும்பிராய்.