கத்தரைப் பாதியாக வெட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தெலங்கானாவின் புரட்சிப் பாடகர் கத்தர் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவருக்குக் கம்பளியும் சலங்கையுமாக ஆடிப் பாடிய பழைய கத்தரைப் பிடித்திருக்கிறது. 2010இல், ஆயுதப் போராட்டம் நடத்திய மாவோயிஸ்டுகளை விட்டு வெளியே வந்து, அப்புறம் கோயிலுக்கெல்லாம் போய், 2018இல் முதல்முறையாக ஓட்டுப் போட்ட கத்தரைப் பிடிக்கவில்லை. தெலங்கானா அரசுக்கோ இந்தப் பின்பாதி மட்டும்தான் வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் மேலும் எனக்கு வருத்தம்தான்.

நான் வியாசர்பாடிக்காரன். சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தின் டேப் ரெக்கார்டரில்தான் அவர் குரலை முதலில் கேட்டேன். அந்த வீட்டு அக்கா குப்பை அள்ளும் வேலை முடித்து வந்து, துணி துவைத்துக்கொண்டே கூடப் பாடுவாங்க. எனக்குப் பாதி வார்த்தை புரியாது. ஆனால் எங்கள் பக்கம் சாவு வீட்டில் கானா பாடுகிறவர் ஒரு அடி எடுத்துக் கொடுத்தால் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் அடுத்த அடியைப் பிடித்துக்கொள்வார்கள் இல்லையா, கத்தர் பாட்டும் அதே மாதிரிதான், ஊரில் ஏற்கெனவே இருந்த மெட்டில் கூலியையும் நிலத்தையும் பற்றிய வார்த்தையைப் போட்டார், அதனால் யார் வேண்டுமானாலும் பாட முடிந்தது.

அந்தப் பாட்டுக்கு இருந்த பலத்தை மறைக்கக் கூடாது. அதைக் கேட்டுக் காட்டுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்த பையன்கள் உண்டு, அந்தத் துப்பாக்கிக்குச் செத்த போலீஸ்காரர்களும் உண்டு. 2023 ஆகஸ்டில் அவர் இறந்து, அரசு மரியாதை கொடுத்தபோது எதிர்ப்பு வந்ததை உங்கள் கட்டுரை ஒரே வரியில் தள்ளிவிட்டது, அது தப்பு. செத்த போலீஸ்காரர்களின் வீட்டுக்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதேபோல 1997 ஏப்ரலில் வீடு தேடி வந்து அவரைச் சுட்டார்கள், ஒரு குண்டு கடைசி வரை உடம்பிலேயே இருந்தது, போலீஸ்தான் காரணம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குண்டோடு செத்தவருக்குத்தான் போலீஸே மரியாதை செலுத்தியது. இதையும் எழுத வேண்டாமா?

இப்போது தெலங்கானாவில் நந்தி என்ற அரசு சினிமா விருதை எடுத்துவிட்டு அவர் பெயரில் சினிமா விருது கொடுக்கிறார்கள். நந்தி விருதே வேண்டாம் என்று மறுத்தவர் அவர். அந்தப் பெயரில் ஊர் ஊராகப் பாடுகிறவர்களுக்கு ஏதாவது செய்திருக்கலாம்.

இதெல்லாம் தெலங்கானா சமாச்சாரம் என்று விட முடியாது. 2015இல் டாஸ்மாக்கை எதிர்த்த பாட்டுக்காகப் பாடகர் கோவன் மேல் தேசத்துரோக வழக்குப் போட்ட ஊர்தான் நம்முடையதும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழிலாவது அவர் பாட்டு ஒன்றைத் தமிழ் எழுத்தில் தெலுங்காகவே போட்டு, கீழே அர்த்தம் கொடுங்கள். எங்கள் தெருவில் அதைப் பாடிக் காட்ட ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வியாசர்பாடி, சென்னை – 39